வழியனுப்பிய பிறகும் வீட்டில் இருந்தவர்

ஒரு மனிதரை ஒரு தடவை வழியனுப்பலாம். மாதா கோயில் அச்சனைக் கூப்பிட்டு ஜெபம் வைத்து, எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள் முழுக்க டீயும் மிக்சரும் கொடுத்து, அழுது மூக்கைச் சிந்தி வழியனுப்பலாம். அப்படி அனுப்பிய ஆள் அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பெட்டிகளோடு ஜீப்பிலிருந்து இறங்கி, "பெர்மிட்ல ஏதோ தப்பாம் ஜெஸ்னா, பொறவு கூப்பிடுதோம்னு ஏஜென்ட் சொல்லிட்டான்" என்று பரிதாபமாக நின்றால் என்ன செய்வது? என் வீட்டுக்காரர் பிஜு அப்படித்தான் வந்து நின்றார். ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் அடிமாலி தாண்டும்போது போன் வந்ததாம். விமானத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பிஜு இந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவர். மாமனார் சூசையப்பன் தேயிலைக்கு மருந்தடித்தவர். மகன் ஐடிஐ படித்து ஃபாக்டரியில் ஃபிட்டர் ஆனார். மெஷினோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவார்; மனுஷரிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னால் சட்டைப் பொத்தானைத் திருகுவார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் பொத்தானைத்தான் திருகினார். முன்பு இங்கே இருந்த மேனேஜர் ஒருவர் உகாண்டாவில் ஒரு தேயிலைக் கம்பெனிக்குப் போய், இவரை அங்கே கூப்பிட்டார். இரண்டு வருஷ வேலை. லயத்து வீடு நான் கொழுந்து எடுக்கும் வரைக்கும்தான் எங்களுக்கு. சொந்தமாக ஒரு கூரை வேண்டாமா? போங்கள் என்று நானும்தான் சொன்னேன்.

ஃபாக்டரி வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாயிற்று. ஆப்பிரிக்காவும் இல்லை. ஆக, மனிதர் என் அடுப்படியில் வந்து விழுந்தார். நன்றாக எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்வைக் கழற்றினார். கதவுத் தாழ்ப்பாளை மாற்றினார். புதுத் தாழ்ப்பாளைத் திறக்க அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. எனக்கு உதவியாம், சுவரில் ஒரு பலகை அடித்து மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் தூக்கி அதில் வைத்தார். அவர் உயரத்துக்கு அடித்திருக்கிறார்! போகப் போகிற மனிதருக்கு எட்டுகிறது, இருக்கப் போகிற எனக்கு எட்டவில்லை. மாதாவே, எனக்கு வந்த ஆத்திரம்!

வெளியே போனால் ஊர் சும்மா விடுமா? கொழுந்து நிறுக்கிற இடத்தில், கடையில், கோயில் வாசலில், எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இன்னும் போகலையா?" குடித்த டீயைத் திருப்பிக் கேட்டுவிடுவேன் என்று பயம்போல.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் தாங்க முடியாமல் போனது நிமி விஷயம்தான்.

நிமி எங்கள் மகள், ஒன்றாம் வகுப்பு. முதல் தடவை இவர் கிளம்பியபோது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை; வீட்டில் நடந்த ஜெபத்தையும் ஏதோ விசேஷம் என்றே நினைத்திருந்தாள். அடுத்த வீட்டு பிலோமி அக்கா கொடுத்த யோசனை அது. "ஏட்டி, புள்ள தூங்கும்போதே கௌம்பச் சொல்லு. முழிச்சுதுன்னா கால கட்டிக்கிடும்" என்றாள். எல்லோரும் செய்வதுதானே என்று நாங்களும் செய்தோம். விடிந்து எழுந்தவள் கட்டிலுக்கு அடியில் தேடினாள், குளியலறையில் தேடினாள், மழையில் வெறுங்காலோடு ஃபாக்டரி வரைக்கும் ஓடினாள். சாயங்காலம் திரும்பி வந்த அப்பாவைப் பார்த்ததும் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. சட்டையைப் பிடித்தாள். பிடித்ததுதான், அப்புறம் விடவே இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாள். இவர் கக்கூசுக்குப் போனால் வாசலில் காவல். தூங்கும்போதும் அவர் சட்டை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினாள். நடுவில் முழித்து, இருக்கிறாரா என்று தொட்டுப் பார்ப்பாள். இன்னொரு தடவை இவளை ஏமாற்றினால், பிறகு இந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் நம்பவே நம்பாது.

ஒரு வழியாகப் பெர்மிட் வந்தது, வியாழக்கிழமைக்கு டிக்கெட்டும் வந்தது. "இந்தத் தடவயும் தூங்கும்போதே..." என்று ஆரம்பித்தார் பிஜு.

"வாய மூடுங்க! நீங்க போயிருவீக. தேடுத புள்ளயோட நான்லா கெடந்து சாகணும்? அவகிட்ட சொல்லிட்டுப் போங்க."

"சொல்லுதேன்" என்றார். திங்கட்கிழமை சொல்லவில்லை, பலூன் வாங்கிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை, ஊஞ்சல் கட்டிக் கொடுத்தார். புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பொத்தானைத் திருகினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியைத் தட்டில் போட்டேன்.

"இப்ப சொல்லுதீகளா, நான் சொல்லட்டுமா?"

"எனக்குத் தெரியும்" என்றாள் நிமி. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அப்பா எப்பப் போறாரு?"

"நாளைக்கு மத்தியானம்" என்றேன் நான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள். "நான்தான் மொதல்ல போவேன். நீ நின்னு டாட்டா காட்டணும், சரியாப்பா?"

மறுநாள் அவளே யூனிஃபார்ம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிள்ளைகளை ஏற்றிப் போகிற ஜீப் வந்ததும் இவர் தூக்கிவிடப் போனார். "நானே ஏறுவேன்" என்று கையைத் தட்டிவிட்டாள். ஏறி உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அழக் கூடாது, என்ன? சாயங்காலம் வந்துருவேன்."

ஜீப் வளைவு திரும்பிய பிறகும் இவர் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். "உள்ள வாங்க, பெட்டி கெடக்கு" என்று அதட்டினேன். மனிதர் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார். வந்து போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் நிமி வந்தாள். வீட்டுக்குள் எங்கேயும் தேடவில்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அப்பா அழுதாரா?"

இவளிடம் இனிப் பொய் வேண்டாம் என்று நினைத்தேன்.

"ஆமாட்டி. அழுதாரு."

"சொன்னா கேக்க மாட்டாரு" என்று என்னைப்போலவே சலித்துக்கொண்டவள், அதற்கு மேல் முடியாமல் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.