முப்பத்தொன்றாம் வரிசை

ஆராய்ச்சிப் பண்ணையில் அவளைத் தராசுக்காரி என்பார்கள். பத்தொன்பது வருஷமாகக் கீரைப் பாத்திகளில் எடை பார்ப்பவள். முள் அசைந்து நிற்கும்வரை அதிகாரியே அவசரப்படுத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

புதிதாக வந்த அதிகாரிக்கு நாற்பது நாட்டுக்கீரை ரகங்கள் இடத்தை அடைப்பதாகத் தோன்றியது. ஒவ்வொரு வரிசையிலும் பாதியை முப்பதாம் நாள் வேரோடு பிடுங்கி எடை போட்டார்கள். மீதிப் பாதி விதைக்கு. எடையில் முதலில் வந்த ரகம் ஒன்பது கிலோ. முப்பத்தொன்றாம் வரிசை நாலே கிலோ. எடையில் கடைசியாக நின்ற ஐந்து ரகங்களின் மீதிப் பாதியையும் பிடுங்கி எறியச் சொல்லிவிட்டு அவர் வெளியூர்ப் பயிற்சிக்குக் கிளம்பினார்.

மற்ற நான்குக்கும் குளிர்பெட்டியில் நல்ல விதை இருந்தது. முப்பத்தொன்றுக்கு இருந்தது ஒரே பொட்டலம். அதையும் கொட்டி விதைத்து வந்தவைதான் இந்தச் செடிகள். இவற்றைப் பிடுங்கினால் இந்த ரகத்துக்கு முழுக்குத்தான்.

"இத நான் பிடுங்க மாட்டேன் சார்," என்று அவர் வண்டி ஏறும்போதே சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கூட வேலை செய்யும் நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணி, உங்க வேலையோட சேத்து என் வேலைக்கும் உலை வைக்காதீங்க."

"உன்னை யாரு கேட்டா? நீ வெண்டைக்காயப் பாரு."

அவள் விதைக்கு விட்டிருந்த அந்த மீதிப் பாதி வரிசையை வேரோடு பிடுங்காமல் ஒரு சாண் விட்டு அறுத்தாள். நாலு கிலோ. இரண்டே வாரத்தில் கணுவுக்குக் கணு தளிர். மறுபடி அறுத்தாள், நாலு. அடுத்த அறுப்பு மூன்றரை.

திரும்பி வந்த அதிகாரி பச்சை வரிசையைப் பார்த்ததும் முகம் சிவந்தார். சொன்னதைச் செய்யத் தெரியாதா, இங்கே யார் அதிகாரி என்றெல்லாம் கேட்டார். அவள் எடைச்சீட்டை நீட்டினாள். மொத்தம் பதினொன்றரை.

"முப்பதாம் நாள், ஒரே ஒரு தடவை எடை. அதுதான் விதி," என்றார்.

"சாப்பிடுறவங்க அறுத்து அறுத்துத்தானே சார் சாப்பிடுறாங்க? உங்க முதல் ரகத்துல விதைக்கு விட்ட பாதிய இப்ப அறுக்கட்டுமா? தழைச்சு வந்தா முப்பத்தொண்ண நானே பிடுங்கிடுறேன்."

"வேண்டாம் வேண்டாம். அது அறுத்தா செத்துப்போ..."

பாதியில் நிறுத்தினார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

எடைச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதிகாரி அலுவலகத்துக்கு நடந்தார். பிடுங்கு என்ற உத்தரவை அவர் திரும்பப் பெறவில்லை. அவளும் அனுமதி கேட்கவில்லை. அயல் மகரந்தம் படாதபடி, முப்பத்தொன்றாம் வரிசையில் மொட்டு விட்ட முதல் செடிக்குக் காகிதப் பையை மாட்டி நூலால் இறுக்கிக் கட்டினாள்.