டார்சி எழுதிய உண்மைக் காரணம்

கொரீன் ஹாப்டின் மகளுக்கே ஆஸ்பத்திரிக் காப்பீட்டில்தான் கருத்தடை மாத்திரை போகிறதாம். மருந்துக் கடையில் வேலை செய்யும் தன் தங்கை சொன்னாளென்று நர்ஸ் ஜோடி சொன்னாள். தவக்கால வெள்ளி, மாதாகோவில் பங்குக் கூடத்தில் மீன் விருந்து.

"அது எப்படி? நம்ம ஆஸ்பத்திரிதான் அதுக்குக் காசு தராதே" என்றாள் டார்சி.

"மாதவிடாய்க் கோளாறுன்னு டாக்டர் கடிதம் எழுதிட்டா தரும். பாதி நர்சுங்க அப்படித்தான் வாங்கறோம்."

டார்சிக்கு அயோவாவின் இந்த ஆற்றோர ஊரில், அந்தக் கத்தோலிக்க ஆஸ்பத்திரியில், அறுவைக் கருவிகளைக் கொதிக்கவைத்து அடுக்கும் வேலை. பதினாறு வருஷம். ஞாயிறு கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவதும் அவள்தான். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு மாத்திரை கேட்டு விண்ணப்பித்தபோது, காரணம் என்ற இடத்தில் 'இன்னொரு பிள்ளை தாங்காது' என்று எழுதினாள். ஊழியர் அலுவலகத் தலைவி கொரீன் அதைத் திருப்பிக் கொடுத்தாள். "கருத்தடை திருச்சபைக்கு ஆகாது. அதுக்குக் காசு தராம இருக்கறது நம்ம மத உரிமைம்மா. ஜெபம் பண்ணு." கணவனின் டிராக்டர் ஆலை ஆள் குறைத்த குளிர்காலம் அது. கைக்காசில் வாங்கியது மூன்று மாதம் ஓடியது. நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், அதே ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுத்தார்கள். அன்றிலிருந்து பூசையில் கொரீன் நற்கருணை அப்பம் கொடுக்கும் வரிசையில் டார்சி நின்றதில்லை.

"உங்கிட்டயும் கடிதம் இருந்துச்சா ஜோடி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ மறைக்கல்வி நடத்தறவ. உங்கிட்ட எந்த வாயால சொல்றது?"

டார்சி தட்டோடு எழுந்து போனாள். மீன் பரிமாறியவள் கொரீன்.

"இன்னொரு துண்டு வைக்கட்டுமா டார்சி? பிள்ளைங்க சௌக்கியமா?"

"நாலும் சௌக்கியம். கடைசிக்கு உங்க பேரையே வச்சிருக்கணும். உங்க பொண்ணு சௌக்கியமா? அந்தக் கோளாறு தேவலையா?"

கொரீனின் கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றது. டார்சிக்கு அது போதவில்லை. தட்டை வைத்துவிட்டுக் காருக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்கும் மேலான பிஷப்பின் இல்லத்து எண் அவளிடம் இருந்தது; போனில் அழுத்தினாள்.

ஜோடி பின்னாலேயே ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். "அவ மட்டும் மாட்ட மாட்டாடி. எல்லாக் கடிதத்தையும் நிறுத்திடுவாங்க. எனக்கு நாப்பத்தொண்ணு ஆகுது."

"எனக்கு அப்ப முப்பத்தஞ்சு" என்றாள் டார்சி, கண்ணாடியை இறக்காமலே.

நாலாவது முறை மணி அடித்தது. ஐந்தாவது முறை. யாரும் எடுக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை.