போன் நம்மகிட்ட கேக்குற அனுமதி

போன் திருத்துற கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரோட போன் கெட்டுப்போயிருக்காது. அது எதையோ கேட்டிருக்கும், இவங்க வாசிக்காம 'அனுமதி'ங்கிற பொத்தான அமத்தியிருப்பாங்க. உங்களுக்கும் நடந்திருக்கும், மறைக்காதீங்க. நாமெல்லாம் ஒரே இடத்துல அடிபட்டவங்கதான்.

என் கடை தலவாக்கலை டவுன்ல ஒரு புடவைக் கடையோட முன்பக்கம். நாலடி அகலம். ஒரு மேசை, ஒரு கண்ணாடி அலுமாரி, நான். அவ்வளவுதான் கடை. கொழும்புல ஆறு வருஷம் போன் கடையில வேலை செஞ்சு பழகிட்டு வந்தவ நான். ஆனாலும் மேசைக்கு முன்னால வந்து நின்னு, என்னத் தாண்டி உள்ள எட்டிப் பார்த்து, "திருத்துறவரு இல்லீங்களா?"ன்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க. "அவரு செத்துட்டாரு, போனக் குடுங்க"ன்னு சொல்லுவேன்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல பொறந்தவ. எங்களுக்கு அனுமதின்னா என்னன்னு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்ல. குடியிருக்குற ஒத்த அறை காம்பராவுக்குப் பின்னால நாலு தகரத்தப் போட்டு, சமைக்க ஒரு குசினி எறக்கணுமா? தோட்ட ஆபீஸ்ல அனுமதி கேளு. கக்கூஸ் கதவ மாத்தணுமா? கேளு. வாசல் மரத்துல ஒரு கொப்பு வெட்டணுமா? அதுக்கும் கேளு. கேட்டுக் கேட்டே வளந்த சனம் நாங்க. இப்ப வாழ்க்கையில மொத தடவையா ஒருத்தன் எங்ககிட்ட அனுமதி கேக்குறான், அதுவும் எங்க கைக்குள்ளயே உக்காந்துகிட்டு. அவனுக்கு ஒரு தடவையாவது 'முடியாது போடா'ன்னு சொல்ல வேணாமா? அந்தக் கோவத்துலதான் இத எழுதுறேன். எல்லாம் ஒரே கிழமையில, திங்கள்ல இருந்து வெள்ளிக்குள்ள நடந்தது.

மேலிடத்துக் கேள்வி

திங்கட்கிழம காலையிலேயே செல்வராணி அக்கா வந்து நின்னாங்க. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துல கொழுந்து எடுக்குறவங்க. ஒரு நாள் பேரையும், அதான் அன்னைக்குச் சம்பளத்தையும் விட்டுட்டு பஸ் ஏறி வந்திருக்காங்கன்னா விஷயம் பெருசுன்னு எனக்கு அப்பவே விளங்கிருச்சு. நாலு வருஷத்துக்கு முந்தி அவங்க வீட்டுக்காரரு காம்பராவுக்குப் பின்னால ஒரு குசினி கட்டினாரு. அப்ப தோட்ட மனேஜரா இருந்த தொர "சரி, கட்டு"ன்னு வாயால சொன்னதுதான் அனுமதி. இப்ப புதுத் தொர வந்திருக்காரு. கடுதாசி எங்கன்னு கேட்டாரு. கடுதாசி இல்ல. ஆபீஸ்ல இருக்குற பெரிய கிளாக்கர், தன் தலை தப்புனாப் போதும்னு, "இது இந்த வருஷம் களவாக் கட்டுனது சேர், நான் கண்ணால பார்த்ததே இல்ல"ன்னு சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழம விசாரணை. குசினி பழசுன்னு காட்டலன்னா மறுநாளே தகரத்தக் கழட்டணும். காட்டுறதுக்கு அக்காகிட்ட இருந்ததெல்லாம் போன்ல கிடந்த பழைய படங்க மட்டுந்தான்.

அந்தப் படங்களக் காணோம். கெலரியத் தொறந்தா போன மாசத்துக்கு முந்தி ஒன்னுமே இல்ல, வெறிச்சுன்னு கிடக்கு. தோண்டிப் பார்த்தா, 'உங்க போன்ல குப்பை நிறைஞ்சிருச்சு, சுத்தம் பண்ணித் தாரோம்'னு ஒரு ஆப். விசாரணைக்குப் படம் தேடப் போன நேரம் போன் இழுத்திருக்கு, விளம்பரம் வந்திருக்கு, அக்கா அதப் போட்டிருக்காங்க. 'எல்லா ஃபைலையும் பார்க்க, மாத்த, அழிக்க'ன்னு அது கேட்டிருக்கு. அனுமதின்னு அமத்தியிருக்காங்க. அது பழசு எல்லாத்தையும் குப்பைன்னு கூட்டி அள்ளிருச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல, "வாசிக்க மாட்டீங்களாக்கா? கேட்டாக் குடுத்துர்றதா?"ன்னு சத்தமே போட்டுட்டேன். அக்கா தலையக் குனிஞ்சுகிட்டுச் சொன்னாங்க:

"நாலு தரம் கேட்டிச்சு தங்கச்சி, மேலிடத்துல இருந்து கேக்குறாங்க போலன்னு பயந்து குடுத்துட்டேன்."

வெளிச்சத்துக்கு வந்த ஆசை

அக்கா போன என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் எதிர்ல திரீவீல் ஓட்டுற சுனில் அண்ணா வந்தாரு. சிங்கள ஆளு, ஆனா நம்ம தமிழ நம்மள விட வேகமாப் பேசுவாரு, என்ன மட்டும் சிங்களத்துல 'நங்கி', தங்கச்சின்னு கூப்பிடுவாரு. பனி எறங்கிட்டா இன்ஜினப் பார்க்க டோர்ச் வேணும்னு ஒரு ஆப் போட்டிருக்காரு. போன்லயே டோர்ச் இருக்கே அண்ணான்னா, அது வெளிச்சம் பத்தாதாம். பத்துற டோர்ச் தெனமும் அவர்கிட்ட படத்தையும் ஃபைலையும் பார்க்க அனுமதி கேட்டுகிட்டே இருக்கு. குடுக்கலன்னா எரியாம போயிருமோன்னு பயந்து என்கிட்ட கொண்டு வந்துட்டாரு.

"வேணாம்னு அமத்துங்க"ன்னேன். தயங்கினாரு. "அமத்துங்க அண்ணா, என்ன புலியா கடிக்கும்?" அமத்தினாரு. டோர்ச் ஜம்முனு எரிஞ்சிச்சு. மனுஷன் அதக் கூரைக்கு அடிச்சுப் பார்த்தாரு, என் மூஞ்சிக்கு அடிச்சுப் பார்த்தாரு, அப்புறம் திரீவீல் ஸ்டாண்ட்ல இருந்த எல்லாருக்கும் கேக்குற மாதிரிக் கத்தினாரு:

"நங்கி, எரியுதே! அப்ப இந்தத் திருடன் இவ்வளவு நாளா என் கல்யாணப் போட்டோவ எதுக்குக் கேட்டான்?"

போன் யாருது?

செவ்வாய்க்கிழம ஒரு ஆளு. கொழும்புல வேலையாம், லீவுல வந்திருக்காராம். வாசனையும் கண்ணாடியுமா வந்து, ரெண்டு போன மேசையில வச்சாரு. ஒன்னு அவருது, மத்தது பொஞ்சாதியோடது. அந்தப் போன்ல இருக்குற படம், ஃபைல் எல்லாம் தன்னோட போனுக்குத் தானா வந்து சேர்ற மாதிரி ஒரு ஆப் போட்டு, அனுமதியெல்லாம் நானே அமத்திக் குடுக்கணுமாம். அவளுக்குத் தெரியக் கூடாதாம்.

"அனுமதி போன்காரங்கதான் குடுக்கணும். அவங்களக் கூட்டிட்டு வாங்க"ன்னேன். "நான் வாங்கிக் குடுத்த போன்"னாரு. "நீங்க வாங்கிக் குடுத்த சேலைய நீங்களா கட்டிக்கிறீங்க?"ன்னு கேட்டுட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. அவரு மேசையத் தட்டி, பொம்பளைய வச்சுக் கடை நடத்துனா இப்படித்தான்னு கத்த ஆரம்பிச்சாரு. உள்ள இருந்து புடவைக் கடை முதலாளி வெளிய வந்தாரு. போச்சுடான்னு நெனச்சேன். வந்த ஆள வெரட்டுறேன்னு என்ன ஏசாத நாள் கிடையாது அவரு. கையில அளவுகோலோட நின்னு, அந்த ஆள மேலயும் கீழயும் பார்த்துட்டு, ரொம்ப மரியாதையாச் சொன்னாரு:

"தம்பி, பொஞ்சாதிக்குச் சேலை எடுக்குறதுன்னா உள்ள வாங்க, வேவு பார்க்குறதுன்னா என் படியில நிக்காதீங்க."

நானே அமத்துன அனுமதி

இப்ப என் தப்பச் சொல்றேன். திங்கட்கிழம கோவத்துல நான் செஞ்ச மொத வேலை, அந்தச் சுத்தம் பண்ற ஆப்போட அனுமதியப் பறிச்சதுதான். செட்டிங்ஸ்ல போயி, 'எல்லா ஃபைலையும் அணுகுதல்'ங்கிற இடத்துல அத டப்புனு நிப்பாட்டினேன். அப்பாடான்னு இருந்திச்சு. பிறகுதான் பார்க்குறேன், அள்ளுன படங்கள அது அழிக்கல. தனக்குன்னு ஒரு குப்பைக் கூடை வச்சு அதுக்குள்ள போட்டிருக்கு. ஏழு நாளைக்கு வச்சிருக்குமாம், பிறகு ஒரேயடியா அழிச்சிருமாம். கூடையத் தொறக்கப் போனா, மறுபடியும் அனுமதி கேக்குது. திருடன்கிட்ட சாமானத் திருப்பிக் கேட்டா, வீட்டுச் சாவியக் குடுன்னு கேக்குறான்! உனக்காடா நான் மறுபடி குடுப்பேன்னு வேற வேற வழியில ரெண்டு நாள் முட்டிப் பார்த்தேன். ஒன்னும் சரிவரல.

புதன்கிழம அக்கா வந்தாங்க. கணக்குப் பார்த்தா அன்னைக்கோட ஏழு நாள் முடியுது. என் ரோசமா, அக்காவோட குசினியா? மொதல்ல சிம்மக் கழட்டினேன், வைஃபைய நிப்பாட்டினேன், எதையும் வெளிய அனுப்ப முடியாதபடி பண்ணிட்டு, பல்லக் கடிச்சுகிட்டு 'அனுமதி'ய அமத்தினேன். சத்தியமா, கை கூசிச்சு. கூடை தொறந்திச்சு. படங்க ஒன்னொன்னா வந்து விழுந்திச்சு. அக்கா வாயப் பொத்திகிட்டு அழுதுட்டாங்க, எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. எல்லாத்தையும் ஒரு மெமரி சிப்புல பிரதி எடுத்த பிறகு, அந்த ஆப்ப வேரோட புடுங்கி எறிஞ்சேன்.

பழைய தேதியோட மூணு படம் தேறிச்சு. அக்கா வீட்டுக்காரரு குசினி மேல ஏறித் தகரம் அடிக்கிறது ஒன்னு. புது அடுப்புல பால் பொங்குறது ஒன்னு. மூணாவது, மூத்த மகளோட சடங்கு அன்னைக்கு அதே குசினியோட நீலக் கதவுக்கு முன்னால கூட்டமா நிக்கிறது. அதுல நடுவுல ஒருத்தரு, பழுப்பு ஸ்வெட்டரு, கையில பாதி கடிச்ச வடை. "யாருக்கா இவரு, இவ்வளவு ரசிச்சுத் தின்னுறாரு?"ன்னு கேட்டேன். அக்கா கண்ணத் தொடச்சுகிட்டு, அந்தக் கிழமையில மொத தடவையாச் சிரிச்சாங்க:

"அவரு யாருன்னு வெள்ளிக்கிழம அவரே சொல்லுவாரு தங்கச்சி."

அளந்து குடுக்குற மாஸ்டர்

அக்கா புடவைக் கடையோட வாங்குப் பலகையில உக்காந்திருக்கும்போதே மாஸ்டர் வந்துட்டாரு. யாழ்ப்பாணத்துல இருந்து வந்து இங்க பள்ளிக்கூடத்துல கணக்குப் படிப்பிக்கிறவரு. போன மாசம் என்கிட்ட 'கேட்டதும் குடுத்துராதீங்க சேர்'னு பேச்சு வாங்கிட்டுப் போனவரு, போயி எல்லாத்துக்கும் ஒரேயடியா மறுத்திருக்காரு. இப்ப பிள்ளைங்களோட குரூப்புக்குக் கேள்வித்தாள் படம் அனுப்ப முடியல. "பிள்ளை, நீர் சொன்னபடிதான் செய்தனான். இப்ப என்ர படத்தை எனக்கே காட்டுதில்லை"ன்னு நொந்துகிட்டாரு.

எல்லாத்தையும் குடுக்குறதுக்கும் ஒன்னுமே குடுக்காததுக்கும் நடுவுல இன்னொரு வழி இருக்குன்னு காட்டினேன். 'தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்'. அத அமத்தினா, எந்தெந்தப் படம்னு நாமதான் தொட்டுக் காட்டணும். தொட்டத மட்டுந்தான் அதுக்குத் தெரியும், மிச்சம் எதுவும் தெரியாது. மாஸ்டர் கேள்வித்தாள் ரெண்டு பக்கத்தையும் தொட்டாரு, அனுப்பினாரு. அக்கா வாங்குல இருந்து எழும்பி வந்து அவரு தோளுக்கு மேலால எட்டிப் பார்த்து, "இத எனக்கும் ஒருக்காக் காட்டு"ன்னாங்க. மூணு தடவை செஞ்சு பழகினாங்க. மாஸ்டர் போனச் சட்டைப் பையில வச்சுகிட்டு, பரீட்சை முடிவு சொல்ற மாதிரிச் சொன்னாரு:

"சரி பிள்ளை, இனி ஆர் கேட்டாலும் நான் அளந்துதான் குடுப்பன்."

ஆபீஸ் ஜன்னல்

வெள்ளிக்கிழம கடையப் பூட்டிட்டு நானும் அக்காவோட போனேன். தோட்ட ஆபீஸ்ல எங்க ஆளுங்க உள்ள போறதில்ல. வெளிய, ஜன்னலுக்குக் கீழ நிக்கணும். மேல இருந்து ஒரு கை நீளும், கேட்டதக் குடுக்கணும். அந்த ஜன்னல் வழியா உள்ள போன எந்தக் கடுதாசியும் சுருக்காத் திரும்பி வந்ததில்ல. அன்னைக்கும் உள்ள தொர உக்காந்திருந்தாரு, பக்கத்துல பெரிய கிளாக்கர். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டிச்சு. அதே பழுப்பு ஸ்வெட்டரு!

"படம் இருக்காமே? போனக் குடு, நான் பார்த்துச் சொல்றேன்"னு கிளாக்கர் கைய நீட்டினாரு. அக்காவோட கை பழக்க தோசத்துல மேல போயிருச்சு. எனக்கு உசுரே போயிருச்சு. ஆனா பாதியில அந்தக் கை நின்னுச்சு, திரும்பிக் கீழ வந்திச்சு. "போன் என் கையிலதாங்க இருக்கும் ஐயா. மூணு படத்துக்கு மட்டுந்தான் அனுமதி"ன்னாங்க. "எனக்கே அனுமதி சொல்றியா?"ன்னு கிளாக்கர் எகிறினாரு. அக்கா அவரப் பார்க்கவே இல்ல. போன ஜன்னல் கம்பிக்கு நேரா தொர பக்கம் புடிச்சாங்க. தகரம். பால். மூணாவது படத்துல தொர குனிஞ்சாரு, கீழ இருந்த தேதியப் பார்த்தாரு, நிமிந்து ஸ்வெட்டரப் பார்த்தாரு. "கிளாக்கர், இது யாரு?" கிளாக்கர் ஸ்வெட்டர இழுத்து விட்டுகிட்டு, "சேர்... சடங்குக்குக் கூப்பிட்டாங்க... வடை மட்டுந்தான் சாப்பிட்டேன்"னாரு. வெளிய நின்ன பொம்பளைங்க சிரிச்ச சிரிப்பு மலைக்குக் கேட்டிருக்கும்.

குசினி இருக்கட்டும்னு தொர சொன்னாரு. அக்கா நகரல. "வாயால சொன்னதாலதான் இவ்வளவும் வந்திச்சு, கடுதாசியாத் தாங்க தொர"ன்னாங்க. தந்தாரு, கையெழுத்தோட. அந்த இடத்துலேயே அதையும் படம் எடுத்தாங்க. நாங்க ரோட்டுக்கு எறங்கும்போது கிளாக்கர் பின்னாலேயே ஓடி வந்து, மெதுவா, "செல்வராணி, அந்த வடைப் படத்த மட்டும் அழிச்சிரும்மா"ன்னு கெஞ்சினாரு. அக்கா போன ஜாக்கெட்டுக்குள்ள சொருகிகிட்டுச் சொன்னாங்க:

"பார்க்குறதுக்குக் குடுத்தேங்க ஐயா, அழிக்கிறதுக்கு இனி நான் யாருக்கும் அனுமதி குடுக்குறதா இல்ல."

பஸ்ஸுல வரும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்திச்சு, அன்னைக்கு அரை நாள் கடையப் பூட்டுறதுக்குப் புடவைக் கடை முதலாளிகிட்ட நான் அனுமதியே கேக்கலன்னு.