பழகின உடம்பு

பேரின்பநாதனுக்கு வாய் சும்மா இருக்காது. மொன்றியலில் ஒரு சின்னப் போர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை கிடைத்ததும் அந்த வாயால்தான். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து சண்டைக்குப் போன சிப்பாய்களுக்கு வைத்தியர்கள் எழுதிய அறிவுரைகள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. ஈரத் தரையில் படுக்காதே, வயிற்றில் கம்பளித் துணி கட்டு, சதுப்பு நிலத்துக் காற்றைச் சுவாசிக்காதே. பிரெஞ்சில் அபிநயத்தோடு சொல்லுவார், வந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு வரியை மட்டும் அவர் கேலி செய்ததில்லை: வெப்ப நாட்டுக்குப் பழகின உடம்பைக் காய்ச்சல் அண்டாது. கிளிநொச்சியில் வளர்ந்தவர் அல்லவா, தன்னைப் பற்றியே எழுதியிருக்கிறது என்று நினைத்தார்.

அவருடைய ஒரே மகன் ரதீசன் கனடிய ராணுவத்தில் சேர்ந்து, அமைதிப் பணிக்காக ஆப்பிரிக்காவுக்குப் போனான். மலேரியா வராமலிருக்கக் கிழமைக்கொரு குளிசை கொடுத்திருந்தார்கள். ஒருநாள் போனில் முறையிட்டான்.

"அப்பா, இந்தக் குளிசை போட்டால் கண்டறியாத கனவெல்லாம் வருது. எழும்பினால் தலையிடி."

"அப்ப நிப்பாட்டு தம்பி. உது வெள்ளைக்காரப் பெடியளுக்குத்தான் வேணும். எங்கட உடம்பு நுளம்புக்குப் பழகின உடம்பு."

"மெய்யாவோ?"

"நான் மியூசியத்தில நெடுகச் சொல்லுற கதையடா."

பக்கத்தில் இருந்த மனைவி சிவநேசம், "டொக்டர் தந்ததை நிப்பாட்டச் சொல்ல நீங்கள் ஆர்?" என்று கேட்டார். பேரின்பநாதன் கையைக் காட்டி அவரை அடக்கினார். மொன்றியலில், அஹுன்ட்சிக் பகுதிப் பனிக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எந்த நுளம்பு, எப்போது பழகியது? அந்தக் கேள்வி அன்று அவருக்குத் தோன்றவில்லை. பாழாய்ப்போன பெருமை!

காய்ச்சல் வந்து இரண்டு சிறுநீரகங்களும் கெட்ட பிறகுதான் ரதீசனை மொன்றியலுக்குக் கொண்டுவந்தார்கள். குளிசையை ஏன் நிறுத்தினாய் என்று டொக்டர் கட்டிலருகே நின்று கேட்டார். பேரின்பநாதன் வாயைத் திறந்தார். ரதீசன் முந்திக்கொண்டு, மறந்துபோனேன் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டான். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். நாளெல்லாம் பேசுகிற மனிதர், பேசியே ஆகவேண்டிய இடத்தில் பேசவில்லை. அந்த வெட்கம் இன்றும் அவரை அரிக்கிறது.

வேலையை விடவில்லை. போன கிழமை ஒரு பெண், இதையெல்லாம் சிப்பாய்கள் நம்பினார்களா என்று கேட்டாள்.

"நம்பினார்கள், மதாம். தகப்பன் சொன்னால் பிள்ளை நம்பாதா?" என்றார்.

அதையும் வேடிக்கை என்று எண்ணி அவள் சிரித்தாள். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். பேரின்பநாதன் கோட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து, ரதீசன் வாசலில் களைத்துப்போய்க் காத்திருந்தான். காரில் ஏறியதும் வழக்கம்போலக் கேட்டான்.

"இண்டைக்கு ஆக்கள் சிரிச்சவையோ அப்பா?"

"ஓம் தம்பி, நல்லாச் சிரிச்சவை."