கதவில்லாத தெரு

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் கணவருக்குச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் வந்தால், பகலில் வீட்டில் ஒரு டம்ளர் உருண்டாலும் குற்றம். அப்படி ஒரு நாள் வீட்டை விட்டுத் தப்பிப்பதற்காகத்தான் பக்கத்து பிளாக்கில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். மற்றபடி எனக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு வாசல் கோலத்தோடு சரி.

எல்லாம் ஒரே ஆள் வரைந்த படங்கள். சுவர் முழுக்க ஒரே தெரு. மழையில், வெயிலில், மாடு திரும்புகிற நேரத்தில். முந்திரி மரம், கிணறு எல்லாம் இருந்தன. இரண்டாவது சுற்று வரும்போதுதான் கவனித்தேன், ஒரு வீட்டுக்கும் கதவு இல்லை. நிலை கூட இல்லை. வாசல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. எனக்கோ மனதில் ஒன்று தோன்றினால் கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

மூலையில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், "கதவு போட மறந்துட்டாங்களா சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்த பிறகுதான் அவரே ஓவியர் என்று தெரிந்தது.

"அது எங்க ஊருங்க. மைன்ஸுக்கு எடுத்துட்டாங்க. கெளம்பறப்ப அவங்கவங்க கதவு, நெலையெல்லாம் பேத்து வண்டில ஏத்திக்கினாங்க. நான் அப்ப சின்னப் புள்ள. வண்டில இருந்து திரும்பிப் பாத்தா தெருவே இப்பிடித்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தி எப்பிடி இருந்துச்சுன்னு எவ்ளோ யோசிச்சாலும் வர மாட்டேங்குது."

வெளியூரில் டிராயிங் மாஸ்டராக இருந்தாராம். ஊர்க்காரர் ஒருவராவது வந்து 'இது நம்ம தெருதான்' என்று சொல்ல வேண்டும், அதற்காகவே இங்கே கண்காட்சி வைத்தாராம். வந்தவர்கள் எல்லாரும் என்னைப் போல வெளி ஜில்லாக்காரர்கள். அடுத்த நாளோடு கண்காட்சி முடிகிறது என்றார். கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எங்கள் பால்காரம்மா ஞாபகம் வந்தது. ஒருமுறை சீம்பால் வாங்க அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். சின்னக் கூரை வீடு, அதற்குப் பெரிய பலாமரக் கதவு. வீட்டை விடக் கதவு பெரிசு என்று எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் பால் ஊற்ற வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மற்ற வீடுகளுக்கு ஊற்றாமலேயே கேனோடு என்னுடன் கிளம்பிவிட்டார். படம் படமாகப் பார்த்தார். ஓவியர் ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளை மாதிரி எழுந்து நின்றார். கடைசியில் கிணற்றை ஒட்டிய வீட்டில் விரலை வைத்தார் பால்காரம்மா.

"இதான் எங்க வூடு. இது நம்ம தெருதான் தம்பி. கதவ நான் இன்னும் வெச்சிக்கினுதான் இருக்கேன். வந்து பாரு."

அப்போதே மூன்று பேரும் போனோம். எப்போதும் திறந்தே கிடக்கும் கதவாம். ஓவியர் முழுசாகப் பார்க்கட்டும் என்று பால்காரம்மா உள்ளே போய் அதைச் சாத்தினார். பிறகு திறந்தார். கதவு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நீளமாகக் கிறீச்சிட்டது.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்ங்க" என்றார் ஓவியர். அவ்வளவுதான், அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் வெளியவே நின்னுக்கினு இருக்க? உள்ள வா" என்று அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார் பால்காரம்மா. நான் கேனைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பல வருஷம் கழித்து என் கணவர் ரிடையரானார். லாரியில் சாமான் ஏறியதும், சாவியை ஒப்படைக்கும் முன்னால், எங்கள் குவார்ட்டர்ஸின் பச்சைக் கதவை நாலைந்து முறை திறந்து திறந்து மூடினேன். "இந்த வயசுல என்ன வெளயாட்டு?" என்று அவர் அதட்டினார். கழற்றிக்கொண்டு போக அது எங்கள் கதவு இல்லையே. இன்று யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால், வாய் திருநெல்வேலி என்று சொல்வதற்குள் அந்தப் பச்சைக் கதவின் சத்தம்தான் முதலில் என் காதில் விழுகிறது.