மச்சான் பெயரில் ஏற்றிய வேலை

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்வீட்டுக்குத்தான் குடிபோவான். அஸ்கியும் அப்படித்தான் பாலமுனையிலிருந்து கல்முனையில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தான். மாப்பிள்ளை சொஃப்ட்வெயார் எஞ்சினியர் என்பதில் பெண்ணின் தாய், மாமி ஹாஜறாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்புக் கொம்பனி வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்றதும் மேல்மாடி அறையைத் துப்புரவாக்கிக் கொடுத்தாள். ஹோட்டல் அறைகளைப் பதிவுசெய்யும் சிஸ்டம் ஒன்றைப் பழுதில்லாமல் ஓடவைப்பது அவன் வேலை. ஓடும்வரை யாருக்கும் அவன் நினைவு வராது, நின்றால் ஆளாளுக்குத் திட்டுவார்கள். ஆனாலும் அந்த வேலையில் அவனுக்கு உயிர்.

"மருமகன், நம்மட ஸப்ரியையும் ஒங்கட கொம்பனில சேத்து உடுங்களன்" என்றாள் மாமி ஒருநாள். ஸப்ரி, அஸ்கியின் மனைவி அம்ஹாவுக்குத் தம்பி. ஏதோ டிப்ளோமா படித்தவன், அல்லது படித்ததாக வீட்டார் நம்பியவன். மாமி கேட்டு மாப்பிள்ளை மறுக்க முடியுமா? அஸ்கி சிபாரிசு செய்தான். ஸப்ரி தற்காலிகமாகச் சேர்ந்து, அவனும் வீட்டிலிருந்தே வேலை செய்தான்.

உடனே மருதமுனையில் அவனுக்குப் பெண் பேசினார்கள். வேலை நிரந்தரமானால்தான் நிக்காஹ் என்று பெண்ணின் வாப்பா சொல்லிவிட்டார். ஸப்ரியோ சிஸ்டத்தில் தொட்டதையெல்லாம் உடைத்தான். அஸ்கிக்கு அப்போதுதான் புத்தி கெட்டது. தான் எழுதிய கணினிக் கோட் முழுவதையும் ஸப்ரியின் பெயரில் ஏற்றத் தொடங்கினான். கொம்பனியைப் பொறுத்தவரை யார் பெயரில் ஏறுகிறதோ அவர்தான் செய்தவர். ஸப்ரியை நிரந்தரமாக்கி, கெட்டிக்காரன் என்று மீட்டிங்கில் பாராட்டினார்கள். அஸ்கியும் சேர்ந்து கைதட்டினான், விசரன்.

பிறகு ஆட்குறைப்பு வந்தது. அந்த சிஸ்டத்துக்கு ஒருவர் போதும் என்று மனேஜர் வேலைப் பதிவுகளைப் பார்த்தார். ஸப்ரியின் பெயரில் வேலை குவிந்து கிடந்தது, அஸ்கியின் பெயரில் எதுவுமில்லை. அஸ்கி உண்மையைச் சொன்னான். மனேஜர் நம்பவில்லை. பின்னேர மீட்டிங்கில் ஸப்ரியின் வாயால் கேட்போம் என்றார்.

அஸ்கி கீழே ஓடினான். ஸப்ரி சோறு தின்றுகொண்டிருந்தான்.

"மச்சான்தான் செஞ்சார் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு ஸப்ரி. அது போதும்."

"சொன்னா என்னய வேலயால நிப்பாட்டிருவாங்க மச்சான். கலியாணமும் முறிஞ்சிரும். ஒங்களுக்கு எங்கயும் வேல கிடைக்கும். எனக்குக் கிடைக்குமா?"

"அவன்ட கலியாணம் முடியட்டும் மருமகன், பொறகு பாப்பம்" என்றாள் மாமி.

அஸ்கி மனைவியைப் பார்த்தான். அவள் அடுப்பில் கொதித்த ஆணத்தைக் கிளறிக்கொண்டே, "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி" என்றாள். "பொறுத்துக்கங்க."

மச்சான் தொடக்கத்தில் கொஞ்சம் சொல்லித் தந்ததாகவும் மற்றதெல்லாம் தானே செய்ததாகவும் ஸப்ரி மீட்டிங்கில் சொன்னான். அவன் பேசி முடிப்பதற்குள் அஸ்கியின் கணக்கை மூடி அவனைக் கொம்பனி வேலையிலிருந்து நிறுத்திவிட்டது.

கலியாணம் தடபுடலாக நடந்து ஸப்ரி மருதமுனைக்குக் குடிபோனான். அஸ்கி வேலை தேடினான். தேடிய இடமெல்லாம் பழைய கொம்பனியிடம் விசாரித்தார்கள். பழைய கொம்பனி, வேலை செய்யாமல் சம்பளம் எடுத்தவர் என்று சொல்லியது. எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

கொஞ்ச நாளில் கொம்பனியில் சிஸ்டம் நின்றது. அம்ஹா போனை நீட்டினாள்.

"தம்பி அழுறான். வேல போயிருமாம். ஒருக்காப் பாத்துக் குடுங்க."

"ஏலாது" என்றான் அஸ்கி.

"இந்த ஊட்டுச் சோத்தத் திண்டுட்டு இதுகூடச் செய்ய ஏலாதா?" என்று மாமி அடுப்படியிலிருந்து கத்தினாள். மருமகன் என்ற சொல் அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை. அஸ்கி போனை வாங்கிக்கொண்டு மேலே போனான். ஸப்ரி தன் கடவுச்சொல்லைச் சொன்னான். அன்றிலிருந்து அது தினசரி வேலையாகிவிட்டது, சம்பளம் மட்டும் மருதமுனைக்குப் போனது.

போன கிழமை என் மனைவி றபீக்கா வேலிக்கு மேலால் ஹாஜறாவிடம் கேட்டாள்.

"மேல மருமகன்ட சத்தம் கேக்குது. வேல கிடைச்சிட்டா?"

"எங்க கிடைக்கிற? ஸப்ரிதான் பாவம் பாத்துப் போன்ல வேல பழக்கிக் குடுக்கான். இவருக்கு ஏறினாத்தானே!"

நான் முற்றத்தில் நின்றேன். மேலே ஜன்னல் திறந்தே இருந்தது. போனைக் காதில் வைத்தபடி அஸ்கி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம் ஸப்ரி" என்றான். "பொறு, செய்றன்."