நான் கூட்டி எழுதிய ஒரு வயது

1. திறந்த நாள்

சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, ரெஜிஸ்டரில் இருந்த நாற்பத்து மூன்று பிள்ளைகளில் பதினேழு பேர்தான் வந்திருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஒற்றை வாத்தியாராக இருந்த காலம் அது. எனக்கு இருபத்து நாலு வயது. பள்ளிக்கூடம் என்றால் நாலு பக்கமும் பாதிச் சுவர், மேலே தகரம், ஒரு கரும்பலகை. மழை பிடித்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. நோர்வூட் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த என் அப்பா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, “இந்தத் தகரத்துக்குள்ள கெடந்து கத்தவாடா ஒன்னயப் படிக்க வச்சேன்?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

திறந்த நாளில் வாத்தியாருக்கு முதல் வேலை பிள்ளை பிடிப்பது. வந்த பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதப் போட்டுவிட்டு, ரெஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலையாட்கள் குடியிருக்கிற லயம் லயமாக ஏறி இறங்க வேண்டும். ஒரு மாதம் காட்டிலும் ஆற்றிலும் திரிந்த பிள்ளைகள் லேசில் அகப்படுவார்களா? ஒருவன் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் என்று கம்பளிக்குள் கிடந்தவன் வாயில் கொய்யாப்பழம் இருந்தது. நான் சுபாவத்திலேயே பொறுமை கெட்டவன். அந்த மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வேறு கடிதம் வந்திருந்தது. கத்தி, கெஞ்சி, காதைப் பிடித்து இழுத்து, மத்தியானத்துக்குள் தலைக்கணக்கில் முப்பதைத் தாண்டிவிட்டேன்.

பேச்சாயி மட்டும் கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அவள். கடையில் சாமான் சுற்றிக் கொடுக்கிற பழைய பேப்பரைப் பிரித்து எழுத்துக்கூட்டாமல் படிக்கிற பிள்ளை அந்தத் தோட்டத்திலேயே அவள் ஒருத்திதான். அவளை இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று விடுமுறை முழுக்க மனதில் கோட்டை கட்டி வைத்திருந்தேன். அவள் வீட்டுக் கதவு சாத்திக் கிடந்தது.

2. பத்து ஆகிவிட்டது

மத்தியானம் சோற்றுக்கு மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். பேச்சாயியின் தாய் கருப்பாயியை வழியில் மறித்தேன். புருஷன் ஊருக்குப் போய்த் திரும்பாததால் இரண்டு பிள்ளைகளை ஒற்றையாளாக வளர்க்கிறவள் அவள்.

“ஏம்மா, பேச்சாயி எங்க? பள்ளிக்கூடம் தொறந்தது தெரியாதா?”

“அவளுக்குத்தான் பேர் பதிஞ்சாச்சேங்க வாத்தியாரய்யா. கொழுந்து அள்ள ஆள் காணலன்னு லீவு நேரம் கணக்கப்பிள்ளையய்யா வந்து கேட்டாரு. அவளுக்கு ஒம்பதுதானேங்கன்னேன். இல்ல, பத்து ஆயிருச்சுன்னுட்டாரு.”

“அவருக்கு யாரு சொன்னா?”

“நீங்க எழுதி வச்ச புஸ்தகத்துலதான் இருக்காம்.”

பேர் பதிவது என்றால் செக்ரோலில், தோட்டத்துக் கூலிப் பதிவேட்டில், பெயர் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதில் ஏறியவர் தோட்டத்து வேலையாள். பத்து வயது நிறையாத பிள்ளையின் பெயரை அதில் ஏற்றக்கூடாது என்று சட்டம் இருந்தது. நிறைந்துவிட்டால் யாரும் தடுக்க முடியாது. விடுமுறைக்குப் பள்ளியைப் பூட்டும்போது சாவியையும் ரெஜிஸ்டரையும் தோட்டத்து ஆபீசில் ஒப்படைப்பது எங்கள் வழக்கம். சித்திரையில் மழை விழுந்து கொழுந்து பொங்கிவிட்டது, பறிக்கக் கை போதவில்லை. மலையில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை என் ரெஜிஸ்டரைப் புரட்டியிருக்கிறார்.

கருப்பாயி போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. பேச்சாயிக்கு வயது ஒன்பதுதான்.

3. எழுதியது யார்?

நான்தான். நாலு வருஷத்துக்கு முன் அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். எடுத்தால்தான் தலைக்கணக்கு தேறும், தேறினால்தான் பள்ளிக்கூடம் நிற்கும், எனக்கும் வேலை நிற்கும். அப்பாவின் கடைக்குத் திரும்பிப் போய்ப் பருப்பு அளக்க எனக்கு மனமில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை ஆறு என்று எழுதிச் சேர்த்துக்கொண்டேன். ஒரு வயதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன். அடுத்த வருஷம் அவர்களே ஆறுக்கு வந்துவிடுவார்கள் அல்லவா!

பிறப்புப் பத்திரம் என்ற பேச்சே அப்போது லயத்தில் கிடையாது. வயது கேட்டால் தாய்மார் சொல்கிற விதமே வேறு. கருப்பாயி அன்றைக்கு என்னிடம் தெளிவாகச் சொன்னாள். “புது ஸ்டோருக்குத் தகரம் ஏத்துனாங்கல்ல, அந்தச் சித்திரையிலதாங்க பெத்தேன். சுத்தியல் அடிக்கிற சத்தத்துல புள்ள தூங்காம அழுதுச்சு.” ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கிற ஃபாக்டரி. அதன் நெற்றியில் கட்டிய வருஷத்தைச் சிமெண்டில் பதித்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள் சொன்ன கணக்கு பிசகாமல் இருந்தது. படித்தவன் நான் அதைக் கேட்டுக்கொண்டே ஆறு என்று எழுதினேன்.

4. ஆபீஸ் வாசல் வரைக்கும்

அடுத்த பத்து நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாடம் நடத்திக்கொண்டிருப்பேன், கண் பாதிச் சுவருக்கு வெளியே மலைக்குப் போய்விடும். நிரையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் சின்னக் கூடை எது என்று தேடுவேன். எட்டாம் வாய்ப்பாட்டை நான் இரண்டு தரம் தப்பாகச் சொன்னேன், முன் வரிசைப் பிள்ளைகள் திருத்தினார்கள்.

ஒரு நாள் குறுக்குப் பாதையில் பேச்சாயியே எதிரே வந்துவிட்டாள். இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கூடைக் கயிறு நெற்றியில் பதிந்து சிவந்திருந்தது.

“என்ன புள்ள, பள்ளிக்கூடத்தையே மறந்துட்டியா?” என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

“எனக்குப் பத்து ஆயிருச்சுங்கய்யா,” என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. “அம்மாவுக்குக் கணக்குத் தெரியாது, ஒம்பதுங்குது. நீங்க எழுதியிருக்கீங்கள்ல, அதுதான் சரின்னு நான் சொல்லிட்டேன்.”

பெற்றவள் சொன்னதை விட்டு என் எழுத்தை நம்பிய பிள்ளை அவள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மூன்று தரம் ஆபீசுக்குப் போனேன். முதல் தரம் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்று கேட்டு வாங்கி வந்தேன். இரண்டாம் தரம் தகரம் ஒழுகுகிறது என்றேன். மூன்றாம் தரம் சும்மாவே வாசலில் நின்றேன். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “என்ன தம்பி, காலு நெலத்துல நிக்க மாட்டேங்குது?” என்று கேட்டார். நல்ல மனுஷர், என் அப்பா வயது. அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “தம்பி, இத என்கிட்ட சொன்னதோட நிறுத்திக்க. ரெஜிஸ்டர்ல பொய் எழுதுனவன்னு தெரிஞ்சா ஒன்னய எந்தத் தோட்டத்துலயும் சேக்க மாட்டாங்க. அந்தப் புள்ளைக்கு இன்னும் ஒரு வருசம்தானே? அப்புறம் எப்பிடியும் மலைக்குத்தான் போகப்போவுது.”

“அந்த ஒரு வருசம் அவளோடதுங்களேய்யா.”

அவர் கதவைத் திறந்துவிட்டார். மீதிப் பதினோரு பிள்ளைகளில் இன்னும் மூன்று பேருக்கு என் ரெஜிஸ்டர்படி ஆவணிக்குள் பத்து ஆகப்போகிறது என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. இறங்கிக்கொண்டிருந்தவன் தொரையைப் பார்க்கத் திரும்பி ஏறினேன்.

5. தொரையும் பெரட்டும்

தோட்டத்தை நடத்திய எங்கள் வெள்ளைக்காரத் தொரைக்குத் தமிழ் வரும். தோட்டத்தில் ஆள் ஏவுகிற தமிழ். மேஜை மேல் காலை நீட்டிக்கொண்டு கேட்டார்.

“வாத்தியார், நீ எழுதினது பொய்யா?”

“ஆமாங்க தொரை.”

“எத்தனை பிள்ளை?”

“பன்னெண்டுங்க.”

காலைக் கீழே இறக்கினார். “லேபர் ஆபீசர் வந்து கேட்டா யார் பதில் சொல்றது? நீயா, நானா?” என்று மேஜையில் ஓங்கி அடித்தார். பேச்சாயிக்காக அவர் கோபப்படவில்லை, தோட்டத்துக்கு வரப்போகிற வம்புக்காகக் கோபப்பட்டார். எதற்காக இருந்தால் எனக்கென்ன? கருப்பாயியை மலையிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். அவள் நனைந்த சாக்கோடு வாசற்படியில் நின்று, தகரம் ஏற்றிய கதையை ஒரு சொல் மாறாமல் திரும்பச் சொன்னாள். தொரை ஜன்னல் வழியே ஸ்டோரின் நெற்றியைப் பார்த்தார். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு செக்ரோலைக் கொண்டுவரச் சொல்லிப் பேச்சாயியின் பெயரை அடித்தார்.

“உன் வேலை இருக்கும்,” என்றார் என்னிடம். “நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வா. பன்னெண்டு பேரும், நீ எழுதின வயசு, சரியான வயசு, எல்லாம் நீயே சத்தமா படி.”

பெரட்டு என்பது விடிந்தும் விடியாமலும் வேலையாட்கள் கூடிப் பெயர் கொடுக்கிற களம். தப்பு மேளம் அடித்து ஓய்ந்ததும் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருநூறு பேர் நின்றார்கள். என் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். நான் படித்தேன். “கருப்பாயி மகள் பேச்சாயி. நான் எழுதியது பத்து. சரியான வயது ஒன்பது.” ஐந்தாறு பெயர் வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒரு கிழவர், “வாத்தியாரே, எனக்கும் ஒரு பத்து வருசம் கொறச்சுப் போட்ருங்க, புண்ணியமாப் போவும்!” என்றார். களமே சிரித்தது. கணக்கப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு தகப்பன் மட்டும் சிரிக்காமல் என்னை முறைத்து, “எம் பயலுக்கு வார மாசம் பேர் பதியலாம்னு இருந்தேன், கெடுத்துட்டீங்களே,” என்றான். காது எரிய எரிய மீதியையும் படித்து முடித்தேன்.

மறுநாள் பேச்சாயி வந்தாள். வந்தவள் என்னோடு பேசவில்லை. மற்றப் பிள்ளைகள் ‘ஒம்பது, ஒம்பது’ என்று கேலி செய்ததில் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சிலேட்டை நீட்டி, “நெசமாவே எனக்கு ஒம்பதுதாங்களாய்யா?” என்று கேட்டாள்.

“நெசமாத்தான். நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

“அப்ப இன்னும் ஒரு வருசம் வரலாமா?” என்றாள். தலையை ஆட்டினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது ரெஜிஸ்டரில் பன்னிரண்டு சிவப்பு மைத் திருத்தங்களையும் தொரையின் கையெழுத்தையும் பார்த்தார். கண்ணாடிக்கு மேலால் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். பேச்சாயி அவர் கொடுத்த பாடத்தைத் தடங்கல் இல்லாமல் படித்தாள்.

6. அடுத்த சித்திரை

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் நாலைந்து தோட்டங்களில் வேலை பார்த்தேன். ஒரு பிள்ளையின் வயதையும் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. தாய் சொல்கிற கணக்கைக் கேட்டு, அந்த மழை எந்த வருஷம், அந்தக் கோயில் எந்த வருஷம் கட்டியது என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் பேனாவை எடுப்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் அது என்றுதான் நானும் முதல் ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சாயி பள்ளிக்குத் திரும்பியதற்கு அடுத்த சித்திரை விடுமுறை முடிந்தது. மலைக்கு ஆள் ஏறும் முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று இந்தத் தடவை பெரட்டுக்கு முன்பே லயத்துக்குப் போனேன். கருப்பாயி வாசலில் குனிந்து பேச்சாயியின் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். அவள் குரலில் குத்தலோ கோபமோ இல்லை, சந்தேகம் தீர்த்துக்கொள்ளத்தான் கேட்டாள்.

“வாத்தியாரய்யா, இந்தத் தடவ பத்து சரிதாங்களே?”

ரெஜிஸ்டர் என் கக்கத்தில் இருந்தது. பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. அதில் ஒரு பிழையும் கிடையாது. பேச்சாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வயதைச் சரியாக எழுதுவது வாத்தியார் வேலையில் பாதிதான். பத்து வயதோடு ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்துபோகிற ஏற்பாட்டோடு மல்லுக்கு நிற்பது மீதிப் பாதி. அந்தப் பாதியை நான் செய்யவில்லை. “சரிதாம்மா,” என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டேன்.